முத்திரை என் இஷ்டம்

பால்ட்ஸ் இம்ஹோஃப் என்றைக்காவது தான் எழுதிய விதியிலேயே தானே மாட்டிக்கொள்வார் என்று ரீட்லி ஊரில் எல்லாரும் வெகுநாளாக எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இவ்வளவு அழகாக மாட்டுவார் என்றுதான் யாரும் நினைக்கவில்லை.

மனிதர் ஓய்வு பெறும்வரை லுசெர்ன் பக்கத்து அந்த மலைப் பள்ளத்தாக்கில், தபாலோடு ஆட்களையும் ஏற்றிச் செல்லும் மஞ்சள் தபால் பேருந்து ஓட்டியவர். ஒரு பெண்மணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்ப்பார். பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். கேட்டால், "ஓடி வர்றவங்களுக்காக நின்னா, நேரத்துக்கு வந்தவங்களுக்கு என்ன மரியாதை?" என்பார். பதில் சொல்ல முடியாத கேள்விதான், ஆனால் அதற்காக யாரும் அவர்மேல் அன்பு காட்டிவிடவில்லை. ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் ரீட்லி துப்பாக்கிச் சங்கத்தில் சோதனை அதிகாரி ஆனார். அந்தப் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை. உண்மையைச் சொன்னால், அப்படி ஒரு பதவி இருப்பதே அவர் கேட்ட பிறகுதான் பலருக்குத் தெரியும்.

நவம்பரில் புனித மார்ட்டின் நாளை ஒட்டிப் பள்ளத்தாக்கின் நான்கு ஊர்களும் கூடி ஒரு போட்டி நடத்தும். ஊருக்கு ஒருவர். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டாம் ஆண்டு மாதிரி என்று சொல்லப்படும் பழைய பட்டாளத்து ரிவால்வர். ஆறு குண்டு. பரிசு ஒரு பெரிய மாட்டு மணி. ஜெயித்த ஊர் அடுத்த ஆண்டுவரை மணியை வைத்துக்கொள்ளும். ஒரே ஊர் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்துவிட்டால் மணி அந்த ஊருக்கே சொந்தம்.

பிரென்டன்காரர்கள் இரண்டு முறை ஜெயித்தாகிவிட்டது. ஜெயித்துவிட்டுச் சும்மா இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. மணியைத் தங்கள் ஊர்ச் சாராயக் கடையின் கல்லாவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, ரீட்லிக்காரன் எவனாவது பீர் குடிக்க உள்ளே நுழைந்தால் ஒருமுறை ஆட்டிவிடுவார்கள். ரீட்லிக்காரன் தலையைக் குனிந்துகொண்டு குடித்துவிட்டு வரவேண்டும். பால்ட்ஸ் ஒருமுறை போனார். மணி அடித்தது. அன்று குடித்த பீர் ஒரு வாரம் அவர் வயிற்றில் கசந்தது. இன்னொரு முறை தோற்றால் இந்தக் கூத்து ஆயுசுக்கும் என்பதை நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு எரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது முறை மணி போனதற்குக் காரணமே பால்ட்ஸ்தான்.

பழைய ரிவால்வருக்குத் தோட்டா கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் வேறு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துத் திருத்திக்கொள்வார்கள். முப்பத்திரண்டு-இருபது என்று அமெரிக்காவில் ஒரு பழைய துப்பாக்கித் தோட்டா உண்டு. அதன் கூட்டை லேத்தில் வைத்து நீளத்தைக் குறைத்து, வயிற்றைக் கொஞ்சம் இறுக்கி, அடி விளிம்பின் தடிப்பைக் கடைந்தெடுத்தால் நம் ரிவால்வரில் கச்சிதமாக உட்காரும். விளிம்பைக் கடையாமல் விட்டால் ரிவால்வரின் உருளை சுற்றாமல் அடம்பிடிக்கும். எல்லாம் சரி, ஆனால் கூட்டின் அடியில் அமெரிக்க எண் முத்திரை அப்படியே இருக்கும். அதைப் பார்த்தால் பால்ட்ஸுக்குப் பொறுக்காது. நம் பட்டாளத்து ரிவால்வரின் வயிற்றில் அமெரிக்கக் கூடா? பிரென்டன்காரர்கள் முதல்முறை ஜெயிப்பதற்கு முன்பே ஒரு விதி எழுதினார்: "அடியில் வேற்று அளவின் முத்திரை உள்ள தோட்டா ஏற்கப்படாது." நான்கு ஊர்ப் பிரதிநிதிகள் கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டியபோது சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. எல்லாரும் கையைத் தூக்கிவிட்டார்கள்.

போட்டிக்கு முன்னால் ஒவ்வொருவருடைய தோட்டாவின் அடியையும் சோதனை அதிகாரி பூதக்கண்ணாடியில் பார்த்து ஒலிபெருக்கியில் உரக்கப் படிக்க வேண்டும் என்றும் ஒரு வழக்கத்தைச் சேர்த்தார். போன ஆண்டு ரீட்லி சார்பில் சுட வந்தவர் ரெகுலா ஃபூரர், ஊரின் பல் மருத்துவர். பள்ளத்தாக்கில் அவளைவிட நன்றாக ரிவால்வர் சுடுகிறவர் இல்லை. கூடுகளையும் தானே கடைந்து செய்திருந்தாள். பால்ட்ஸ் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ஒலிபெருக்கியில், "முப்பத்திரண்டு-இருபது" என்று படித்தார். சொந்த ஊர்க்காரியையே வெளியே அனுப்பினார். ரெகுலா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்து, முதல் ஆண்டும் பிரென்டனுக்காகச் சுட்டு ஜெயித்த மைன்ராட்டின் தோட்டாவைப் பார்த்த பால்ட்ஸின் குரல் தழுதழுத்துவிட்டது. "பட்டாளத்து முத்திரை. ஆண்டு எண்ணோடு. சுத்தமான அசல். கூடுன்னா இப்படி இருக்கணும்." மைன்ராட் கோப்பைகளிலும் கல்யாண மோதிரங்களிலும் பெயர் வெட்டித் தருகிற கடைக்காரர், அமைதியான ஆள். அவர் கூச்சத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போய்ச் சுட்டு ஜெயித்தார்.

இந்த ஆண்டு ரெகுலா வர மறுத்துவிட்டாள். பால்ட்ஸ், "நான் சுடறேன், எங்கிட்ட அசல் இருக்கு" என்று மார்தட்டினார். ஏலத்தில் எடுத்த ஒரு பெட்டி அவரிடம் இருந்ததும் உண்மை. அக்டோபரில் பயிற்சிக்குப் போனார். ஏறக்குறைய ஒவ்வொரு குண்டு வெடித்தபோதும் ஒரு கூடு வாயிலிருந்து வயிறுவரை கீறிக்கொண்டது. பித்தளைக்கும் வயசாகும் அல்லவா. பெட்டி காலியானபோது முழுசாக மிஞ்சியவை இரண்டு. லுசெர்ன் கடையில் விசாரித்தார். "வரும். எப்பன்னு சொல்ல முடியாது" என்றார்கள். சங்கத் தலைவர் வீட்டு வாசலில் வந்து நின்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்: "மணி போச்சுன்னா ஊர்ல யார் பேரைச் சொல்லுவாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை, பால்ட்ஸ்."

அன்று அடுப்படி மேசையில் உட்கார்ந்து பால்ட்ஸ் தான் எழுதிய விதியைத் தானே படித்தார். இரண்டாம் முறை படித்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அகத்தா, இங்க பாரு. 'வேற்று அளவின் முத்திரை உள்ள தோட்டா'ன்னுதான் எழுதியிருக்கு. முத்திரையே இல்லாத தோட்டாவைப் பத்தி ஒண்ணும் சொல்லலை."

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை. "அதாவது?"

"அடியில இருக்கிற முத்திரையைக் கடைஞ்சு எடுத்துட்டா, அது விதிக்கு உட்பட்ட தோட்டா."

"இதையே வேற ஆள் சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?"

பால்ட்ஸ் விதியை மூன்றாம் முறை படித்தார்.

"கடையறதுக்கு யார் இருக்கா? டாக்டரம்மாதானே?" என்றாள் அகத்தா. "போ. போன வருஷம் மைக்குல கத்தினியே, அதே வாயோட போ. பல்லையும் காட்டிட்டு வந்த மாதிரி இருக்கும்."

போன ஆண்டிலிருந்து பால்ட்ஸ் பல்வலி வந்தால் மலையைச் சுற்றிக்கொண்டு அடுத்த பள்ளத்தாக்கு மருத்துவரிடம்தான் போய்க்கொண்டிருந்தார். கையில் ஊசி வைத்திருக்கிற பெண்ணிடம் பகை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து படுக்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்? இப்போது வேறு வழியில்லை. கெஞ்சப் போகிறார் என்று ஊருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகப் பல்வலி என்று சொல்லி நேரம் வாங்கினார்.

"எங்க வலிக்குது?" என்றாள் ரெகுலா.

"பொதுவா."

"பொதுவான வலிக்கு மருந்து இல்லை. வாயைத் திறங்க."

திறந்தார். அவள் கண்ணாடியை உள்ளே விட்டுச் சுற்றிலும் பார்த்தாள். "பொய் சொல்லி வந்திருக்கீங்க, ஆனா பல்லு நிஜமாவே சொத்தை. கீழ் வரிசையில ரெண்டாவது. அடைச்சுடறேன்." ஊசி போட்டாள். பிறகு பஞ்சையும் உறிஞ்சுகுழாயையும் வாயில் திணித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப விஷயத்தைச் சொல்லுங்க."

"ஆ... ஆங்..."

"கூடெல்லாம் வெடிச்சுப் போச்சு. அது ஊருக்கே தெரியும்."

"ஆங்."

"முத்திரை இல்லாத கூடு வேணும். உங்க விதியில ஓட்டை இருக்கு. அது எனக்குப் போன வருஷமே தெரியும்."

பால்ட்ஸின் கண்கள் விரிந்தன.

"விளிம்பை எந்தப் பக்கமும் கடையலாம்" என்றாள் அவள், துளையிடும் கருவியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே. "முன்பக்கம் கடைஞ்சா முத்திரை அப்படியே நிக்கும். பின்பக்கம் கடைஞ்சா முத்திரை போயிடும். மருந்தைப் பத்தவைக்கிற கேப்பு உட்கார்ற குழியை மறுபடி ஆழப்படுத்தணும், கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான். போன வருஷம் நான் முன்பக்கம்தான் கடைஞ்சேன். ஏன்னு தெரியுமா?"

"ஊம்?"

"அது என்ன கூடுன்னு மறைக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. அதான்."

கருவி ஓட ஆரம்பித்தது. அதற்கு மேல் பேச்சு நடக்கவில்லை. பால்ட்ஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை ஊசி மரத்துப்போகச் செய்யவில்லை.

முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றும்போது ரெகுலா சொன்னாள்: "மணி நம்ம ஊருக்கு வரணும்னு எனக்கும் ஆசைதான். பிரென்டன்ல எனக்கும்தான் மணி அடிச்சாங்க. செஞ்சு தரேன். ஒரே நிபந்தனை. மொட்டையா தரமாட்டேன். முத்திரை என் இஷ்டம்."

ரெகுலா தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுக்கொள்வாள், போட்டும், உழைப்பு அவளுடையதுதானே என்று பால்ட்ஸ் பெருந்தன்மையோடு நினைத்தார். மரத்த உதட்டால், "வேத்து அளவு இல்லேன்னா சழி" என்றார்.

மறுநாள் ரிவால்வரின் உருளையைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். ரெகுலா அதன் ஆறு அறைகளிலும் பல் அச்சு எடுக்கிற ரோஜா நிறப் பசையை அடைத்து அச்செடுத்தாள். அந்தக் காலத்து வேலை, ஆறு அறையும் ஆறு விதமாக இருந்தன. ஒவ்வோர் அறைக்கும் ஒரு கூடு என்று அளந்து கடைந்தாள். பல் கட்டுவதுபோல்தான் செய்தாள் என்று வையுங்கள்.

போட்டிக்கு முந்தின நாள் காலையில் பல்செட் வைக்கிற சின்னப் பெட்டியில் கூடுகள் வந்தன. கூடவே ஒரு சொல்: "பெட்டியில இருக்கிற எழுத்து வரிசைப்படிதான் போடணும். எந்த அறைக்கு எதுன்னு பாத்துச் செஞ்சது. மாத்திப் போட்டா சிக்கும்." பால்ட்ஸ் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார். அவர் பார்த்த அசல்கள் எதுவும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. அடியைத் திருப்பினார். அமெரிக்க எண் இல்லை. ஓரெழுத்து இருந்தது. அடுத்ததில் ஓரெழுத்து. ஆறையும் மேசையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு விழித்தார்.

அகத்தா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "எஸ், ட்சே, ஹா, ஏ, எல், எம்" என்று படித்தாள். பிறகு சேர்த்துப் படித்தாள்; அவர்கள் மொழியில் முதல் மூன்று எழுத்தும் சேர்ந்தால் 'ஷ'. "ஷெல்ம்."

ஷெல்ம் என்றால் அந்த ஊரில் திருட்டுப்பயல். சொல்கிற விதத்தைப் பொறுத்தது. குறும்பு செய்கிற குழந்தையைக் கொஞ்சவும் சொல்வார்கள். தாத்தா காலத்தில் ஒருவனை நாலு பேர் நடுவில் அப்படிச் சொல்லிவிட்டால் வழக்கு மன்றம்வரை போகும்.

அகத்தா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நல்லாத்தான் அடைச்சிருக்கா பல்லை."

"இது மைக்குல படிக்கிறது அகத்தா. நாலு ஊரும் இருக்கும்."

"அரத்தால தேய்ச்சு எடுத்துடேன்."

"இனிமே தேய்ச்சா விளிம்பு மெலிஞ்சு போகும். ரிவால்வரோட சுத்தி தட்டினாலும் வெடிக்காது. அவளுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சிருக்கா."

பால்ட்ஸ் எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். சுடாமல் இருந்தால் மணி போய்விடும். சுட்டால் மானம் போய்விடும். கடைசியில் அகத்தாவுக்கே இரக்கம் வந்துவிட்டது. "உன் கட்டை வட்டமாத்தானே இருக்கு?" என்றாள்.

அதுவும் அவர் விதிதான். தோட்டாக்கள் வட்டமான மரக்கட்டையில், ரிவால்வரில் ஏறுகிற வரிசையிலேயே, அடி மேலே தெரியக் குத்தி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அகத்தா சொன்னாள்: "வட்டத்துக்கு ஏது ஆரம்பம்? ஹாவிலேருந்து படிச்சா ஹெல்ம். தலைக்கவசம். மிச்சம் எஸ்ஸும் ட்சேயும். ஏதோ கம்பெனி பேர்னு நினைச்சுப்பாங்க. ஹாவை, சோதிக்க வர்ற மைன்ராட் பக்கம் திருப்பி வை, முடிஞ்சுது."

பால்ட்ஸ் மனைவியின் நெற்றியில் முத்தமிட்டார். பல ஆண்டுகளாக நடக்காத காரியம் அது. அன்றிரவே கூடுகளில் மருந்தும் குண்டும் அடைத்து வைத்தார்.

சோதனை அதிகாரியே போட்டியாளராக இருந்தால் அவருடைய தோட்டாவை முந்தின ஆண்டு ஜெயித்தவர் சோதிக்க வேண்டும் என்பது விதி. அதாவது மைன்ராட். போட்டியன்று மூடுபனி விலகிச் சாய்வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான்கு ஊர்க்காரர்களும் கழுத்துவரை சால்வை சுற்றிக்கொண்டு, ஷ்னாப்ஸ் சாராயம் ஊற்றிய காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ரெகுலா கடைசி வரிசையில் ஒரு தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். பால்ட்ஸ் கட்டையை மேசையில் வைத்து, ஹா எழுத்து மைன்ராட்டின் வயிற்றுக்கு நேராக வரும்படி சரிசெய்தார். வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்து கைகட்டி நின்றார்.

மைன்ராட் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். வெயில் கண்ணில் அடித்தது. கையால் மறைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. கட்டையை இரண்டு விரலால் பிடித்து நிதானமாகச் சுற்றி நிறுத்தினார்.

தடுக்கப் பால்ட்ஸ் ஓர் அடி முன்னால் வைத்தார்.

"எஸ்" என்றது ஒலிபெருக்கி.

கடைசி வரிசையில் ரெகுலா காப்பிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ட்சே. ஹா. ஏ."

அதற்கு மேல் வரவில்லை. மைன்ராட் குனிந்தபடியே இருந்தார். பூதக்கண்ணாடி மிச்ச இரண்டு எழுத்துகளின்மேல் நின்றது. அவருடைய பிடரி சிவந்து, சிவப்பு காதுவரை ஏறியது. பிறகு நிமிர்ந்து பால்ட்ஸின் முகத்தை ஒருமுறை பார்த்தார். 

"வேற்று அளவின் முத்திரை இல்லை" என்று படபடவென்று சொன்னார் மைன்ராட். "விதிப்படி சரி." ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார். வைத்ததை மறுபடி எடுத்தார். "இன்னொரு விஷயம். காலையிலேருந்து எனக்கு மணிக்கட்டு சுளுக்கு. பிரென்டன் சார்பில் இன்னிக்கு நான் சுடலை."

பிரென்டன்காரர்கள் பக்கம் ஒரே இரைச்சல். காலையில் இதே மணிக்கட்டால்தானே பீர்ப் பீப்பாயைத் தூக்கி இறக்கினார் என்று ஒருவன் கேட்டான். மைன்ராட் யாருக்கும் பதில் சொல்லாமல் தன் தோட்டாப் பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாகனம் நிறுத்தும் இடத்தை நோக்கி நடந்துவிட்டார்.

பால்ட்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததெல்லாம், தன் மானத்தை ஒரு எதிராளி நாலு பேர் நடுவில் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்பதுதான். இப்படியும் ஒரு மனிதனா என்று அவர் நெகிழ்ந்துபோனார். அந்த நெகிழ்ச்சியோடு போய் நின்று சுட்டார். கூடுகள் ஒவ்வொன்றும் தன் தன் அறையில் வழுக்கிக்கொண்டு இறங்கின. உருளை எண்ணெய் போட்டதுபோல் சுற்றியது. பிரமாதமாகச் சுட்டார் என்று சொல்ல முடியாது, மோசமில்லை. மற்ற இரண்டு ஊர்க்காரர்களும் அவரைவிட மோசமாகச் சுட்டார்கள். அதில் ஒருவரின் ரிவால்வர் பாதியில் சிக்கிக்கொண்டது.

மணி ரீட்லிக்கு வந்துவிட்டது. சாப்பாட்டறையில் மக்ரோனியும் உருளைக்கிழங்கும் ஆப்பிள் கூழும் பரிமாறினார்கள். சங்கத் தலைவர் பால்ட்ஸின் முதுகில் தட்டிய தட்டில் புதிதாக அடைத்த பல் ஆடியது. பால்ட்ஸ் இரண்டு வாய் சாப்பிட்டார். மைன்ராட்டுக்கு நன்றி சொல்லாமல் சோறு இறங்காது என்று தோன்றியது. மணியை யாரிடமும் கொடுக்க மனம் வராமல் தோளில் மாட்டிக்கொண்டே வெளியே போனார். அடிக்கு ஒருமுறை மணி டங்கென்றது.

மைன்ராட் தன் வண்டியின் கதவைத் திறந்துவைத்துவிட்டு, உள்ளே ஏறாமல் நின்றுகொண்டிருந்தார். மணிச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினார்.

"எப்பத்திலேருந்து தெரியும் உனக்கு?" என்றார்.

பால்ட்ஸ், "எது?" என்று கேட்க வாயெடுத்தார்.

"விளையாடாத பால்ட்ஸ். ஒரு வார்த்தை பேசாம அடிச்சியே. ஆறு கூட்டுல எழுதி, என் கையிலயே கொடுத்து, என்னையே மைக்குல படிக்க வெச்சியே. எழுத்து வெட்டறது எனக்குத் தொழில். ஆனா இப்படி எழுத எனக்குத் தோணியிருக்காது."

பால்ட்ஸ் தோளில் நழுவிய மணியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நானும் அதே அமெரிக்கக் கூடுதான்" என்றார் மைன்ராட். "பின்பக்கம் கடைஞ்சு, பட்டாளத்து முத்திரையை நானே வெட்டினேன். முதல் வருஷம் ஒரு குறும்புக்குத்தான் செஞ்சேன். நீ கண்டுபிடிச்சுடுவ, சிரிச்சுட்டுப் போயிடலாம்னு நினைச்சேன். நீ பூதக்கண்ணாடியை வெச்சுப் பாத்துட்டு 'சுத்தமான அசல்'னு சொன்ன. அதுக்கு மேல எப்படிச் சொல்றது? ரெண்டாவது வருஷம் டாக்டரம்மாவை வெளியே அனுப்பிட்டு, உடனே என் கூட்டைத் தூக்கிக் காட்டினியே. கூடுன்னா இப்படி இருக்கணும்னு. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கலை." அவர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். கண்ணாடியை இறக்கி, "மைக்குல சொல்லியிருக்கலாம் நீ. சொல்லலை. அதுக்கு நன்றி. இனிமே சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்" என்றார். வண்டி போய்விட்டது.

 பேருந்து ஓட்டிய காலத்தில் ஒருநாள்கூடத் தாமதமாகக் கிளம்பாத மனிதர் இப்போது கிளம்ப முடியாமல் நின்றார். பொய் முத்திரைக்கு இரண்டு முறை மணியைக் கொடுத்திருக்கிறார், அதுவும் குரல் தழுதழுக்க. மறைக்காமல் வந்தவளை முகத்துக்கு நேரே விரட்டியிருக்கிறார். உள்ளே போய் உண்மையைச் சொன்னால் ரெகுலாவின் பெயர் நிமிரும். மைன்ராட்டின் பெயர் போகும். தன் பெயர்? பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு கண் தெரியாத சோதனை அதிகாரி என்று நான்கு ஊரிலும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பிரென்டன் சாராயக் கடையில் மணி இல்லாவிட்டால் என்ன, அவரைக் கண்டதும் யாராவது ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து ஆட்டுவார்கள்.

சொல்லித்தான் ஆகவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு நடந்தார். படிக்கட்டு வரைக்கும் அந்த முடிவு உறுதியாகத்தான் இருந்தது.

படியில் ரெகுலா நின்றிருந்தாள். உள்ளே பாட்டு ஆரம்பித்திருந்தது.

"கூடெல்லாம் எப்படி இருந்துது?" என்றாள்.

"அருமை. ஒண்ணுகூடச் சிக்கலை. நான் பாத்ததுலயே..." என்று ஆரம்பித்த பால்ட்ஸ், அந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார். "ரொம்ப நன்றி, டாக்டரம்மா."

"மைன்ராட்கிட்டப் பேசிட்டு வர்றீங்க போல. என்ன சொன்னார்?"

சொல்வதற்கு அவர் வாயைத் திறந்தார். உள்ளே சங்கத் தலைவர் அவர் பெயரைச் சொல்லிக் கோப்பையை உயர்த்துவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். இத்தனை பேர் தன் பெயரைச் சந்தோஷமாகச் சொல்லி அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

"ஒண்ணுமில்லை. கை வலிக்குதாம், பாவம்" என்றார். "வாழ்த்துச் சொல்லிட்டுப் போனார். நல்ல மனுஷன்."

 ரெகுலாவின் முகத்தில் கோபம் இல்லை. ஒரு பல்லைத் தட்டிப் பார்த்து, இது இனி தேறாது என்று தெரிந்துகொள்ளும்போது வருகிற முகம் அது.

"நாலாவது எழுத்துல அவர் நின்னுட்டாரே, அவர் கூடும் பொய்னு அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு, பால்ட்ஸ். நீங்க சொல்றீங்களான்னு பாக்கத்தான் கேட்டேன்."

அவள் மேல்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். கூப்பிட்டு நிறுத்தலாம் என்று பால்ட்ஸ் திரும்பினார். தோளில் மணி டங்கென்றது. சட்டென்று அதன் நாக்கைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், சத்தம் வெளியே வராமல்.